அக்ரிலிக் இழை நூற்புக்குக் காப்புரிமை வாங்கிய அனுபவம்

நாங்கள் காப்புரிமை கேட்டது கார்பன் இழைக்கு அல்ல. அதற்கு மூலமான வெள்ளை அக்ரிலிக் இழையை நூற்கும் முறைக்கு. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்த பாலிஅக்ரிலோநைட்ரைல் பாலிமரை, ஸ்பின்னரெட் எனும் தட்டின் நுண்துளைகள் வழியே, டிஎம்எஸ்ஓவும் தண்ணீரும் கலந்த தொட்டிக்குள் விடுவோம். தண்ணீர் அதிகமானால் இழையின் தோல் சட்டென்று இறுகி, உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் தங்கிவிடும். அப்புறம் இழையைக் கார்பனாக்கும் உலையில் என்ன வித்தை காட்டினாலும் அவை போகாது. கார்பன் இழை ஒடிவது அங்கேதான். அதனால் தொட்டியை மூன்றாக்கி, கரைப்பானின் அளவைப் படிப்படியாகக் குறைத்தோம்.

இதே யோசனை யாருக்காவது முன்பே வந்திருக்குமே! தேடலில்தான் அதிக நேரம் போனது. ஒரே சங்கதியை ஆளுக்கொரு பெயரில் எழுதியிருப்பார்கள் என்பதால் சொல்லை வைத்துத் தேடிப் பயனில்லை. காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்தான் வழி: பாலிஅக்ரிலோநைட்ரைலிலிருந்து வரும் கார்பன் இழைக்கு டி01எஃப் 9/22, இப்படித் திரவத் தொட்டிக்குள் நூற்கும் ஈரநூற்புக்கு டி01டி 5/06. ஜப்பானிய ஆவணங்களை, அந்நாட்டுக் காப்புரிமைகளைத் தேடும் ஜே-பிளாட்பாட் தளத்தின் இயந்திர மொழிபெயர்ப்பில் படித்தேன். வாக்கியம் கோணலாக இருந்தாலும் அட்டவணை பேசும்.

1959இல் ஒசாகாவில் அக்கியோ ஷிண்டோ இந்த இழையைக் கார்பனாக்கினார். 1964இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் வாட், பிலிப்ஸ், ஜான்சன் மூவரும், காற்றில் சூடாக்கும்போது இழையைச் சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்து விறைப்பைக் கூட்டினார்கள். பெரிய யோசனைகளை அவர்களே எடுத்துக்கொண்டார்கள். நம் காலத்துக்கு மிஞ்சியது சதவீதச் சண்டை.

இந்தியாவில், கண்டுபிடிப்பை முதலில் சுருக்கமாக விவரிக்கும் தற்காலிக விவரக்குறிப்பைத் தாக்கல் செய்தால் முழு விவரக்குறிப்புக்கு 12 மாதம் கிடைக்கும். அந்த அவகாசத்தில், எங்கள் காப்புரிமை முகவரின் பிடிவாதத்தால், ஒற்றைத் தொட்டியிலும் இழை நூற்று, தோற்றுப்போன அந்த முடிவுகளையும் அட்டவணையில் சேர்த்தோம். தோல்வியை எதற்கு எழுதுவது என்று குழுவில் ஒரே முணுமுணுப்பு.

காப்புரிமை அலுவலகத்தின் பரிசோதனை கேட்டுப் படிவம் 18 கொடுத்த பிறகு நீண்ட காத்திருப்பு. முதல் பரிசோதனை அறிக்கை இரண்டு ஜப்பானிய ஆவணங்களைக் காட்டியது. ஒன்றில் பல தொட்டிகள், மற்றதில் எங்களுடையதை ஒட்டிய கரைப்பான் அளவு. இரண்டையும் சேர்த்தால் துறை அறிந்த எவருக்கும் இது தோன்றும் என்பது ஆட்சேபம். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல 6 மாதம். தாக்கலுக்குப் பிறகு விவரக்குறிப்பில் புதுச் சங்கதி நுழைக்க முடியாது என்பதால், ஏற்கெனவே இருந்த தோல்வி அட்டவணையே கைகொடுத்தது. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் முதல் கிளெய்மைக் குறுக்கி, தொட்டிகளுக்கு இடையிலான கரைப்பான் வித்தியாசத்தையும், இழையை எத்தனை மடங்கு நீட்டுகிறோம் என்ற இழுப்பு விகிதத்தையும் சேர்த்தே கோரினோம்.

விசாரணை காணொளியில் நடந்தது. அதன் பிறகு எழுத்துபூர்வ வாதத்தை 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும். சான்றிதழ் வந்ததும் அடுத்த வேலை காத்திருந்தது: மூன்றாம் ஆண்டு முதல் சேர்ந்துபோன புதுப்பித்தல் கட்டணம். அதை 3 மாதத்துக்குள் கட்டச் சொல்லிக் கணக்குப் பிரிவில் கையெழுத்து வாங்குவது எக்சாமினரைச் சம்மதிக்க வைப்பதைவிடக் கடினமாக இருந்தது.