பெட்டிக்கு ஆகாத கொப்பரை

பெட்டியை எடை போட நாங்கள் எங்கேயும் போக வேண்டியதில்லை. காங்கயம் பக்கம் அப்பா கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். மூட்டை நிறுக்கும் தராசில் என் பெட்டியைத் தூக்கி வைத்தார். 34 கிலோ 200. டிக்கெட்டில் அனுமதி 30.

"என்ன அம்மணி, கல்லா வெச்சிருக்கற?"

கல் இல்லை. கத்தரிக்கோல் ஆறு, ஒரு டப்பா பாபின், இஞ்ச் டேப், திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கெஞ்சி வாங்கிய கட்பீஸ் துணி. நைரோபிக்கு வெளியே ஒரு பள்ளியில், துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் நாப்கின் தைக்கப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு மாதம் போகிறேன். சம்பளம் கிடையாது, விமானச் செலவும் என்னுடையது. "கைக்காசப் போட்டுப் போயி வேல செய்யறதா?" என்று அம்மாயி கேட்டதற்கு இன்னும் என்னிடம் சரியான பதில் இல்லை.

வெளிநாடு போவது இதுவே முதல்முறை, அதுவும் தனியாக. வீட்டில் எல்லோருக்கும் பயம்தான். ஆனால் யாரும் அதை வாயால் சொல்லவில்லை. ஆளுக்கு ஒன்றாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே இருந்தார்கள். அம்மா கொள்ளுப் பொடி, பருப்புப் பொடி, இஞ்சி மரப்பா. அம்மாயி இரண்டு கிலோ கொப்பரை.

முதலில் வெளியே வந்தது கொப்பரைதான். எண்ணெய்ப் பசையால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் பெட்டியில் போட விடமாட்டார்கள். அம்மாயி நம்பவில்லை. அப்பாதான் எடுத்துச் சொன்னார்: "ஈரம் நின்ன கொப்பரையக் குடோன்ல அடுக்குனா உள்ள கை வெக்க முடியாதுங்க அத்தை. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

அடுத்த சண்டை கவருக்கு. அம்மா எல்லாவற்றையும் ஜவுளிக்கடைக் கவரில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார். கென்யாவில் 2017 ஆகஸ்டிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தடை. வெளியூர்க்காரர்களும் கொண்டுபோகக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு அத்தனை முடிச்சையும் அவிழ்த்தோம். நல்லவேளையாக, கல்யாண வீடுகளில் தாம்பூலம் போட்டுத் தந்த மஞ்சப்பைகள் பரண்மேல் ஒரு மூட்டை கிடந்தன. இப்போது என் உள்ளாடைகளும் செருப்பும் யார் யாருடைய திருமணத்துக்கோ வருகை தந்தமைக்கு நன்றி சொல்கின்றன.

ஸ்வெட்டருக்கு மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்பது அம்மாவின் கட்சி. நைரோபி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிட்டத்தட்ட நம் குன்னூர். ஜூலை அங்கே குளிர்காலம். "குன்னூரா?" என்றவர், உடனே இன்னொரு ஸ்வெட்டரும் எடுத்து வந்தார். ஏண்டா சொன்னோம் என்று ஆகிவிட்டது.

கடைசியில் தராசு 29.6 காட்டியது.

மறுநாள் இரவு பல்லடம், சூலூர் வழியாகப் பீளமேட்டில் இருக்கும் கோவை விமான நிலையம். சார்ஜா போய் மாறும் அதிகாலை விமானத்துக்குப் பன்னிரண்டு மணிக்கெல்லாம் வாசலில் நின்றோம். டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் உள்ளவரைத்தான் உள்ளே விடுகிறார்கள். அம்மா அழவில்லை. சிவன்மலைத் திருநீற்றைப் பூசிவிட்டு, மிச்சத்தைப் பொட்டலத்தோடு என் கைப்பையில் திணித்தார்.

பெட்டி பெல்ட்டில் நகர்ந்து போன பிறகுதான் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை நினைவுக்கு வந்தது. அதற்காகச் சேரன் எக்ஸ்பிரஸில் சென்னை போய், கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போட்டு வந்திருந்தேன். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும் என்பதால் முன்கூட்டியே போனது. அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பி வந்தால் இங்கே ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். ஃபைலில் இல்லை. பள்ளிக்காரர்கள் எடுத்து அனுப்பிய அனுமதித்தாள் இருக்கிறது, காப்பீடு இருக்கிறது, அட்டையைக் காணோம். திரும்பும்போதுதானே தேவை, பெட்டிக்குள் இருந்தால்தான் என்ன என்று யோசிக்க அந்த நேரத்தில் மூளை ஓடவில்லை. குடியேற்ற வரிசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கைப்பையைக் கவிழ்த்தேன். பவர் பேங்க், மூணு முள் அடாப்டர், பேனா. அட்டை பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே இருந்தது. திருநீற்றுப் பொட்டலம் பிரிந்து எல்லாவற்றின் மேலும் கொட்டியிருந்தது.

அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்து ஒருமுறை தட்டினார். "எத்தனை நாள்?"

"இருபத்தெட்டு நாளுங்க."

முத்திரை விழுந்தது. மூன்று நாளாக ஒத்திகை பார்த்த ஆங்கிலம் எதுவும் செலவாகவில்லை.

கேட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அப்பா கூப்பிட்டார். இன்னும் வெளியேதான் நிற்கிறார்களாம்.

"பெட்டி அங்க எத்தன காட்டுச்சு?"

"29.6ங்கப்பா."

"பாத்தியா," என்று அம்மாவிடம் சொன்னது கேட்டது, "நம்ம தராசு நூறு கிராம் தப்பாது."