திருப்புளிக்குக் கேட்ட காது

கோவையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறேன். ஓடும் மோட்டாரின் பேரிங் மூடியில் திருப்புளி முனையை வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்பது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். நல்ல பேரிங் சீராக முனகும். தேய்ந்தது மணலை மெல்லுவது போலக் கரகரக்கும்.

போன வருஷம் தை மாதம் வாக்கில், கடைப் பையன் வலது பக்கம் நின்று கூப்பிட்டால் எனக்குக் காதில் விழுவதில்லை. "ஏனுங்ண்ணா, மூணு தரம் கூப்புட்டேன்" என்பான். ஆனால் அதே காதில் திருப்புளியை வைத்தால் முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது. அப்புறம் காதில் என்ன கோளாறு இருக்க முடியும்? குறும்பி அடைத்திருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன்.

பக்கத்து கிளினிக்கிலும் அதையேதான் சொன்னார்கள். சொட்டு மருந்து, பத்து நாள். பிறகு வேறு சொட்டு மருந்து. தண்ணீர் பீய்ச்சியதில் கொஞ்சம் குறும்பி வந்தது, அடைப்பு மட்டும் போகவில்லை. அம்மா, "எண்ணெயக் காய்ச்சி உடறேன் கண்ணு" என்று கரண்டியோடு நின்றார். நல்லவேளை, அதற்கு மட்டும் தலையைக் கொடுக்கவில்லை. மூன்று மாதம் இப்படியே போனது.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. மெல்லிய கேமரா குழாயை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். காதுத் துவாரத்தின் பின்சுவரில் பாதிப் பட்டாணி அளவுக்கு வழுவழுவென்று ஒரு மேடு. மேலே தோல் சாதாரணமாகவே இருந்தது. புண் இல்லை, வலியும் இல்லை. பிறகு 512 என்று பொறித்த இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்தார். சத்தம் வலது பக்கமே கேட்டது. திருப்புளிக் கதையைச் சொன்னேன், சிரித்துவிட்டார். "நரம்பு நல்லா இருக்குங்க. வழிதான் அடைச்சிருக்கு. வெளிச் சத்தம் உள்ள வர்றதில்ல. அதனால எலும்பு வழியா வர்றது தூக்கலாக் கேட்குது." நான் நல்ல அறிகுறி என்று நினைத்ததுதான் நோயின் அடையாளமாம்!

அன்றைக்கே ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, சின்னதாக ஒரு துண்டு எடுத்தார். கருவி துவாரத்தின் சுவரில் பட்டதும் எனக்கு இருமல் வந்துவிட்டது. காதைத் தொட்டால் தொண்டை ஏன் இருமுகிறது என்று கேட்டேன். வேகஸ் என்கிற நரம்பின் கிளை ஒன்று காதுக்கும் வருகிறதாம். பட்ஸ் போட்டுக் குடையும்போது சிலருக்கு இருமல் வருவதும் இதனால்தான்.

ஆறாம் நாள் ரிப்போர்ட் வந்தது. 'செருமினோமா' என்று ஒரே வார்த்தை. ராத்திரி படுக்கையில் போனை வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைத் தேடினேன். ஒரு பக்கம் சாதாரணக் கட்டி என்றது, அடுத்த பக்கம் புற்றுநோய் என்றது. வீட்டுக்காரி போனைப் பிடுங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டாள்.

டாக்டருக்கே அந்த வார்த்தை பிடிக்கவில்லை. காதுத் துவாரத்தின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்குதான் குருத்தெலும்பு, மீதி எலும்பு. அந்தக் குருத்தெலும்புப் பகுதித் தோலில் உருமாறிய வியர்வைச் சுரப்பிகள் உண்டு. அவற்றின் கசிவும் எண்ணெய்ச் சுரப்பிகளின் கசிவும் உதிர்ந்த தோலும் சேர்ந்ததுதான் குறும்பி. அந்த வியர்வைச் சுரப்பியில் வரும் கட்டியே அபூர்வம். அதில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் அந்தக் காலத்தில் ஒரே பெயரில் போட்டு வைத்திருந்தார்கள். "கேட்டிருக்கணும் நீங்க, எந்தச் செருமினோமானு" என்றார். நான் எங்கே கேட்பது!

பிளாக்கை வாங்கி இன்னொரு நோய்க்குறியியல் நிபுணரிடம் காட்டச் சொன்னார். இது பலருக்குத் தெரிவதில்லை. லேபில் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால், பிளாக் என்கிற, நம் சதைத் துண்டு பதிந்த மெழுகுக் கட்டையையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் தருகிறார்கள். "வண்டி டேங்க் கவர்ல வெச்சு வெயில்ல நிறுத்தீராதீங்க, மெழுகு இளகீரும்" என்றார் கவுன்டரில் இருந்த பெண். குறும்பி என்று ஆரம்பித்தது மெழுகில் வந்து நிற்கிறதே என்று நினைத்துக்கொண்டு, சட்டைப் பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோனேன்.

அந்த நிபுணர் மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் சின்னச் சின்ன வளையங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளே ஒரு வரிசை செல், வெளியே இன்னொரு வரிசை. உள் வரிசையில் மஞ்சள் பழுப்பாகத் துகள்கள். அது குறும்பிச் சுரப்பிக்கே உரிய நிறமியாம். பார்த்தவரை சாதாரண அடினோமாதான், அதாவது புற்றுநோய் இல்லாத சுரப்பிக் கட்டிதான் என்றார். ஆனால் துண்டு சின்னது, கட்டியின் ஓரம் அதில் இல்லை. பக்கத்துச் சதைக்குள் நுழைந்திருக்கிறதா என்பது ஓரத்தைப் பார்த்தால்தான் தெரியும். சி.டி. ஸ்கேனில் எலும்பு அரிக்கப்படவில்லை. சரி, முழுதாக எடுத்துவிடலாம் என்று முடிவானது. மிச்சம் வைத்தால் திரும்ப வளருமாம்.

ஆபரேஷன் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, மயக்கத்தில் கிடந்தேன். காதுக்குப் பின்னால் கீறி, கட்டியைச் சுற்றியுள்ள தோலோடு எடுத்து, அந்த இடத்தில் காதுக்குப் பின்புறத்துத் தோலையே மெல்லியதாகச் சீவி ஒட்டியிருக்கிறார்கள். மருந்து தோய்த்த மஞ்சள் துணி நாடாவை உள்ளே திணித்துவிட்டார்கள். இரண்டு வாரம் அந்த வாசம்! சோற்றில், தலையணையில், எங்கும் அதுதான். எடுத்த அன்று ஒரு சாண் இருக்கும் என்று நினைத்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

முழுக் கட்டியின் ரிப்போர்ட்டில் இந்த முறை மூன்று வரி. அடினோமா, ஓரங்கள் சுத்தம், புற்றுநோய் அடையாளம் இல்லை. செருமினோமா என்ற வார்த்தை எங்குமே இல்லை.

துவாரம் கொஞ்சம் குறுகியிருக்கிறது, குறும்பி சீக்கிரம் சேர்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுகிறேன். திருப்புளியை வலது காதில் வைத்தால் இப்போது சத்தம் குறைவாகத்தான் கேட்கிறது. முதல் நாள் ஒரு பம்ப்செட் மோட்டாரின் பேரிங் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நாலாம் நாளே திரும்பி வந்தது.