ரோப்பைப் பிடித்தபடி ஏரியைக் கடக்கும் படகு

சென்னையில் லிஃப்ட் பராமரிப்பு என் வேலை. கம்பெனி பயிற்சிக்காக இங்கிலாந்து போயிருந்தபோது, மான்செஸ்டரில் குடியிருக்கும் பழைய சகா ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்டர்மியர் ஏரிக்குக் காரில் கூட்டிப் போனார். கிழக்குக் கரையில் சாலை நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. எதிர்க்கரையில் ஏறி, மேலே தொடர்கிறது. நடுவில் ஆளையும் வண்டியையும் ஏற்றிப் போவது ‘மல்லார்ட்’ என்ற சிறிய படகு. ஒரு நடைக்கு 18 கார்கள், கூடவே சைக்கிள்காரர்கள், நடந்து வருபவர்கள். பத்து நிமிடத்தில் அக்கரை.

இங்கிலாந்திலேயே பெரிய இயற்கை ஏரி அது. நீளம் 17 கிலோமீட்டர், சுற்றிலும் காடும் குன்றுகளும். எல்லோரும் குன்றுகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் கண் மட்டும் படகின் இரும்பு ரோப்பை விட்டு நகரவே இல்லை.

கரைக்குக் கரை கட்டிய இரண்டு ரோப்கள் ஏரியின் அடியில் கிடக்கின்றன. படகு நகர நகர, முன்னால் ரோப் தண்ணீரிலிருந்து எழும்பி வருகிறது, சக்கரங்களில் ஏறி இறங்கி, பின்னால் மறுபடி மூழ்குகிறது. நம் லிஃப்டில் மெஷின் ஓரிடத்தில் நிற்கும், ரோப் ஓடும். இங்கே ரோப் கிடந்த இடத்தில் கிடக்கிறது, மெஷினே அதைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. எதுவானாலும் சக்கரத்தில் வளைந்து நிமிரும் இடத்தில்தான் ரோப் தேயும்.

ரோப் மாற்ற வேண்டி வந்தால் முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் படகை நிறுத்திவிடுவார்களாம். அந்த நாட்களில் ஏரியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நண்பர் இதைச் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. ரோப் அறுவதற்கு முன்பே, ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துகிறார்களே!

இங்கே அப்படி நிறுத்துவது லேசில்லை. திருவான்மியூரில் கடலுக்குப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் ரோப் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தேன். “ஓடிக்கிட்டுதானே சார் இருக்கு? பொங்கல் முடியட்டும், பாக்கலாம்” என்றார் சங்கச் செயலாளர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முட்டி வலிக்கும் பெரியவர்கள் இருக்கும் கட்டடம், லிஃப்ட் நின்றால் அவருக்குத்தான் போன் மேல் போன் வரும். ஆனால் ரோப் பொங்கல் வரைக்கும் காத்திருக்குமா?

ஊர் திரும்பியதும் அவரை மெஷின் ரூமுக்கே அழைத்துப் போனேன். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, வேஸ்ட் துணியை ரோப்பின் மேல் வைத்து மெல்ல இழுத்தேன். ஓரிடத்தில் துணி மாட்டி நூல் பிரிந்தது. அறுந்த கம்பி முனை, கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. பக்கத்தில் சிவப்பாகப் பொடி படிந்திருந்தது. எண்ணெய் வற்றி, உள்கம்பிகள் ஒன்றோடொன்று உரசினால் உதிரும் பொடி அது. அப்புறம் கனம் அளக்கும் வெர்னியர் கருவியை வைத்துக் காட்டினேன். 13 மில்லிமீட்டர் ரோப், 11.8 காட்டியது. 10 சதவீதம் தேய்ந்தால் மாற்றியே ஆக வேண்டும்; இது அந்த அளவை நெருங்கிவிட்டது.

“அறுந்து விழுந்துடுமா?” என்று கேட்டார். உண்மையைத்தான் சொன்னேன். ஒரு ரோப் போனாலும் மற்றவை தாங்கும். கூண்டு வேகமெடுத்தால் வேகத்தைக் கண்காணிக்கும் கவர்னர் என்ற கருவி இழுத்து, கூண்டின் சேஃப்டி கியர் என்ற பிடிப்பான் பக்கவாட்டுத் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். ஆனால் அவையெல்லாம் கடைசிக் காவல். அவற்றை நம்பி ரோப்பைத் தேய விடுவது நம் தொழில் இல்லை. விண்டர்மியர் படகைப் பற்றியும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அந்தத் துணியையே புரட்டிப் பார்த்தார். “சரி, தேதி சொல்லுங்க” என்றார்.

ஒரு வாரத்துக்கு முன்பே கீழ்த்தளத்தில் நோட்டீஸ் ஒட்டினோம்: ‘ரோப் மாற்றும் வேலை, லிஃப்ட் ஓடாது.’ பழுது என்ற சொல்லை எழுத நான் விடவில்லை. மாடிக்கு மாடி திருப்பத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். தண்ணீர் கேன்களை முந்தின நாளே ஏற்றிவிட்டார்கள். யாரும் சண்டைக்கு வரவில்லை.

பக்கத்து பிளாக்கிலும் இப்போது தேதி குறித்தாகிவிட்டது. இந்த முறை நோட்டீஸைச் செயலாளரே எழுதினார்.