பலாப் பலகையும் கொக்கித் தராசும்

கொல்லை மதில்மேல் சாய்ந்துகொண்டிருந்த பலாவை மாசியில் வெட்டினோம். மரவாடியில் ஒன்றேகால் அங்குலக் கனத்தில் 11 பலகையாக அறுத்து வாங்கினேன். அறுத்த முகம் மஞ்சள் கிழங்கை நறுக்கியது போல இருந்தது. தஞ்சாவூர் வீணை செய்கிற மரமாயிற்றே! எனக்கு வேண்டியது என்னவோ ஒரு படிப்பு மேசைதான்.

தப்பு முதல் நாளே நடந்துவிட்டது. முனைகளுக்குப் பெயின்ட் பூசாமல் இரண்டு நாள் விட்டுவிட்டேன். நார் ஓடுகிற திசையில்தான் ஈரம் வேகமாக வெளியேறும். முனை சீக்கிரம் காய்ந்து சுருங்க, உள்ளே இன்னும் பச்சையாகவே இருக்கும். மூன்றாம் நாள் விரல் நீள வெடிப்புகள். வெடித்ததை அறுத்துத் தள்ளிவிட்டு, மிச்சமிருந்த எனாமலை இரண்டு கோட் அடித்தேன். மரத்தின் மையமான நெஞ்சு வந்த நடுப்பலகை மட்டும் அதற்கும் அடங்காமல் நீளவாக்கில் பிளந்தது. அது விறகுதான்.

பலகைகளைக் காய வைக்க, கார் ஷெட்டில் ஹாலோ பிளாக் மேல் அடுக்கினேன். பலகைகளுக்கு இடையில் காற்றுப் போக முக்கால் அங்குல ரீப்பர் கட்டைகள், ஒன்றரை அடிக்கு ஒன்று. கண்மட்டத்துக்கு வைத்ததில் ரீப்பர்கள் நேருக்கு நேர் அமையவில்லை. பத்தே நாளில் அடிப்பலகை அலை அலையாக நெளிந்தது. முழுதும் பிரித்து, நூல் பிடித்து மறுபடி அடுக்கி, மேலே சிமெண்ட் கல் ஏற்றினேன். சித்திரையில் மேற்கு வெயிலுக்கு மட்டும் தார்ப்பாய். மற்ற பக்கம் திறந்தே கிடந்தது.

"அங்குலத்துக்கு ஒரு வருஷம்" என்று பலகையின் கனத்தை வைத்துக் காய்கிற காலம் சொல்வது குளிர்நாட்டுக் கணக்கு. நம்மூர் வெயிலுக்கு அதை நம்பாமல், ஒரே பலகையை மாதாமாதம் கொக்கித் தராசில் தொங்கவிட்டேன். மாசியில் 13.4 கிலோ. பங்குனியில் 11.1, சித்திரையில் 9.8, வைகாசியில் 9.2. ஆனியில் 8.9, ஆடியிலும் அதே 8.9.

"தட்டினா சத்தம் சொல்லுமே தம்பி, தராசு எதுக்கு?" என்றார் ஆசாரி. அவர் காதுக்குச் சொல்லும், என் காதுக்குச் சொல்லவில்லை.

எடை நின்றுவிட்டது, இனி இழைக்கலாம் என்றிருந்தேன். வேலை குறுக்கிட்டதில் ஐப்பசி வந்துவிட்டது. அடைமழைக்கு நடுவே நிறுத்தால் 9.1! காற்றிலிருந்த ஈரத்தை மரம் திரும்பக் குடித்திருக்கிறது. மேசை இருக்கப்போவது வீட்டுக்குள். அதனால் நல்ல பலகைகள் ஆறைப் படுக்கையறைக்கு மாற்றி, அங்கேயும் ரீப்பர் வைத்து, ஃபேனுக்கு நேராக அடுக்கியிருக்கிறேன். 8.9-க்கு இறங்கட்டும். அதுவரை நான் கூடத்தில்தான் படுக்கை.