கழுத்தில் ஸ்டென்ட்: டாக்டர் படுத்தவில்லை, பேப்பர்தான் படுத்தியது

அப்பாவுக்குக் கழுத்து ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தாயிற்று, நன்றாக இருக்கிறார். எனக்குத்தான் அந்த இன்ஷூரன்ஸ் டெஸ்க்கை நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலில் அப்பாவின் வலது கண்ணில் திரை இறங்கினாற்போல் சில நிமிடம் இருட்டி, தானாகத் தெளிந்தது. கண் டாக்டர் பார்த்துவிட்டு, "கண்ணுல ஒண்ணுமில்ல, உடனே கழுத்துக்கு டாப்ளர் ஸ்கேன் எடுங்க" என்றார். அந்தப் புண்ணியவான் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்து அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! ஸ்கேன் எடுப்பதற்குள் இடது கையும் ஒருமுறை மரத்துப்போய்ச் சரியானது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயான கரோட்டிடில், வலது பக்கம் 80 சதவீத அடைப்பு.

இப்படி ஒரு எச்சரிக்கை அறிகுறி வந்தால், முழு பக்கவாதம் வரும் ஆபத்து முதல் சில நாட்களில்தான் மிக அதிகம். இரண்டு வாரத்துக்குள் அடைப்புக்குச் சிகிச்சையை முடித்துவிடுவது நல்லது என்றார்கள். வழக்கமாக ஆபரேஷன் செய்து கொழுப்பைச் சுரண்டி எடுப்பார்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கு அதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு. அப்பாவுக்கு வயது 66. அடைப்பும் தாடைக்குப் பின்னால் உயரத்தில் இருந்ததால் கத்தி எட்டாது என்று ஸ்டென்ட்டை முடிவு செய்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க அன்றே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று இரண்டு மாத்திரைகள் ஆரம்பித்தாயிற்று.

வினை கேஷ்லெஸ்ஸில், அதாவது ஆஸ்பத்திரி பில்லை இன்ஷூரன்ஸே நேரடியாகக் கட்டும் ஏற்பாட்டில் வந்தது. கேஷுவாலிட்டியில் டூட்டி டாக்டர் "பிரஷர் எத்தனை வருஷமா?" என்று கேட்க, அப்பா "ரொம்ப நாளா இருக்கு சார்" என்றார். டாக்டர் பாட்டுக்கு '10 வருடம்' என்று எழுதிவிட்டார். பாலிசி எடுத்தது 2023-ல். பிரஷர் மாத்திரை தொடங்கியது அதற்குப் பிறகு. இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு இது போதாதா? பழைய நோயை மறைத்து எடுத்த பாலிசி என்று நிறுத்திவிட்டார்கள்.

டெஸ்க்கில் இருந்தவர் தலையே நிமிர்த்தவில்லை. "கேஸ் ஷீட்ல எழுதினதை மாத்த முடியாது சார்." குடும்ப டாக்டரிடம் ஓடி லெட்டர் வாங்கி வந்தால், "இது இன்னைக்குத் தேதி போட்ட லெட்டர், செல்லாது." கேஷ்லெஸ்ஸுக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும் என்று 2024-ல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ உத்தரவு போட்டிருக்கிறதே என்றேன். "கேள்வி அனுப்பிட்டாங்க இல்ல, அதுவும் பதில்தான்" என்றார். இதற்கு நடுவே ஸ்கேன் சென்டரில் ஃபிலிம் மட்டும் கொடுத்திருந்தார்கள், இங்கே சிடி கேட்டார்கள். பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தால், சிடி காலி. மறுபடி போனேன். சிடி வாங்கினால் அங்கேயே கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

காப்பாற்றியது அம்மாவின் மஞ்சள் பை. 2022-ல் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தபோது எடுத்த ஃபிட்னஸ் சீட்டு அதில் மடிந்து கிடந்தது. 'பிரஷர் 126/80, மாத்திரை எதுவும் இல்லை' என்று கையெழுத்து, சீலோடு! சிகிச்சை செய்யும் டாக்டரிடம் அதைக் காட்டி விளக்கக் கடிதம் வாங்கி, இரண்டையும் சேர்த்து அனுப்பினேன். சாயந்திரமே அப்ரூவல் வந்துவிட்டது. பழைய சீட்டு எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சிகிச்சை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தொடை வழியாகத்தான் குழாயை விட்டார்கள், அங்கே மட்டும் மரத்துப்போக ஊசி. அப்பா முழிப்பாகத்தான் இருந்தார். அடைப்பிலிருந்து துணுக்கு எதுவும் உடைந்து மூளைக்குப் போகாமல் இருக்க முதலில் ஒரு வடிகட்டியை மேலே வைத்துவிட்டுத்தான் பலூனை ஊதினார்களாம். இடது கையில் கீச்சுக்கீச்சென்று கத்தும் ரப்பர் பொம்மையைக் கொடுத்து, சொல்லும்போதெல்லாம் அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கை வேலை செய்கிறதா என்று பார்க்கத்தான். பலூன் ஊதியபோது நாடித்துடிப்பு சட்டென்று இறங்கியது, ஊசி போட்டதும் ஏறியது. இது எதிர்பார்ப்பதுதான் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு பிரஷரைக் குறித்துக்கொண்டே இருங்கள். ஸ்டென்ட் வைத்த பக்கம் கடுமையான தலைவலி வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் உடனே கிளம்புங்கள். பல் பிடுங்கப் போனாலும், ஸ்டென்ட் வைத்த டாக்டரைக் கேட்காமல் அந்த இரண்டு மாத்திரைகளையும் நிறுத்தக் கூடாது.

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் வரி வரியாகப் படியுங்கள். எங்களுடையதில் அதே '10 வருடம்' மறுபடி டைப் ஆகியிருந்தது. திருத்தி, சீல் போட்டுக் கொடுக்கும்வரை பெட்டை காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் புது சம்மரி வந்தது.