ஒற்றைக்கல் மண்டபத்தின் விளிம்பில்

நாகர்கோவிலில் பாசஞ்சர் ஏறினால் இரண்டு மணி நேரம் சொச்சத்தில் திருவனந்தபுரம். வருஷத்துக்கு ஒரு தடவையாவது பத்மநாபசாமியைப் பார்க்காவிட்டால் அம்மைக்கு ஆறாது. கிழக்கேகோட்டைக்கு நடந்தே போனோம். பத்மதீர்த்தக் குளத்துக்குப் பக்கத்தில் மேத்தன் மணி என்கிற பழைய கடிகாரம். தாடிக்காரப் பொம்மையின் இரண்டு கன்னத்திலும் ஆட்டுக்கடாக்கள் முட்டி மணி சொல்வதை அம்மை சிறுபிள்ளை மாதிரி நின்று பார்த்தாள்.

சட்டையைக் கழற்றிவிட்டு வரிசையில் நகர்ந்தோம். கருவறைக்கு முன்னால் ஒற்றைக்கல் மண்டபம். 20 அடிச் சதுரம், இரண்டரை அடி கனம், ஒரே பாறை. மூன்று வாசல் வழியாகத்தான் பெருமாளைப் பார்க்க முடியும். முதல் வாசலில் திருமுகமும் தொங்கும் வலது கையும், நடுவில் நாபிக்கமலம், கடைசியில் திருவடி. 12,008 சாளக்கிராமங்களை வைத்து, மூலிகையும் பிசினும் சேர்த்த கடுசர்க்கரைக் கூட்டால் ஆக்கிய மேனி. எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் கண் பழகுவதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது.

ஒருவர் பக்தி மேலிட்டு விழுந்து கும்பிடப் போனார். காவல்காரர் தோளைத் தொட்டு நிறுத்தினார். அந்தக் கல்லில் விழுந்தால் விழுந்தவரும் அவருடைய சொத்தும் சாமிக்குச் சொந்தம் என்பது ஐதீகம். திருவிதாங்கூர் மன்னர் மட்டும் விழலாம். அவரிடம் கொடுக்க எதுவும் மிச்சமில்லையே!

மார்த்தாண்ட வர்மா 1729-ல் பட்டத்துக்கு வந்தபோது வருமானம் அவர் கையில் இல்லை. கோயில் நிர்வாகம் எட்டரை யோகம் என்ற சபையிடம்; அதில் ராஜாவுக்கு அரை ஓட்டு. கோயில் நிலங்களில் வசூல் எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற நாயர் பிரபுக்கள் கையில். அவர்களை அடக்கினார், 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார், அப்புறம் வடக்கே மிளகு விளையும் சீமைகளைப் பிடித்தார். மிளகு சர்க்கார் சரக்காயிற்று. விளைவித்தவன் சர்க்கார் பண்டகசாலையில் சர்க்கார் சொன்ன விலைக்குப் போட வேண்டும். வெள்ளைக்காரனுக்கு விற்பது சர்க்கார். நிலங்களை அளந்து தேவஸ்வம் (கோயிலுக்கு), பிரம்மஸ்வம் (பிராமணர்களுக்கு), தானம், பண்டாரவகை (சர்க்காருக்கு) என்று பிரித்து எழுதினார்கள். வருஷச் செலவுக்குப் பதிவுக்கணக்கு வந்தது.

இவ்வளவும் சேர்த்த பிறகு, 1750 ஜனவரியில், உடைவாளைப் பெருமாள் முன் வைத்து நாட்டையே எழுதிக்கொடுத்தார். திருப்படிதானம். அன்றிலிருந்து ராஜா பத்மநாபதாசன்; சாமியின் காரியஸ்தன். ராஜாவை எதிர்த்தால் சாமித்துரோகம் என்றாகிவிட்டது. பக்தியா, தந்திரமா என்று கேட்பார்கள். பிடித்த நாட்டில் பாவமும் ரத்தமும் இருந்ததை அவரே அறிந்திருப்பார். இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும், பிடித்ததைக் காக்க ஒரு பெயரும் வேண்டும். இரண்டும் ஒரே கல்லில் கிடைத்தன என்றுதான் எனக்குப் படுகிறது.

எங்கள் பக்கத்துப் பனையேறிகளிடம் தலைவரி வாங்கியதும் இந்த தாசர்களின் சர்க்கார்தான். உப்பு, புகையிலை எல்லாம் அவர்கள் ஏகபோகம். யாழ்ப்பாணத்துப் புகையிலை கடல் தாண்டி வந்து சர்க்கார் விலையில் விற்றது. அதை மறந்துவிட்டுக் கைகூப்ப எனக்குத் தெரியாது. கைகூப்பாமல் வரவும் முடியவில்லை.

2011-ல் நிலவறைகளைத் திறந்தபோது உலகமே லட்சம் கோடி என்று வாய்பிளந்தது. நிர்வாக உரிமை அரச குடும்பத்துக்கு உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வரிசையில் நின்றவர்களும் அதைத்தான் பேசினார்கள். திறக்காத அறையில் நாகம் இருக்கிறதாம். சரி, இருக்கட்டும்.

திரும்பும் ரயிலில் அம்மையிடம் இன்னொரு கணக்கைச் சொன்னேன். 1811 வாக்கில் கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது முந்நூற்றுச் சொச்சம் கோயில்களை நிலத்தோடு சர்க்கார் எடுத்துக்கொண்டது. நிலம் கைமாறிப் போனது. ஈடாகக் கோயில்களுக்குப் பணம் கொடுக்கும் கடமை நின்றது. ராஜா போய், 1956-ல் நம் ஜில்லா தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, அந்தக் கடமையும் பாகம் பிரிந்தது. கேரளக் கோயில்களுக்கு வருஷம் 46.5 லட்சம், நம் பக்கத்துக்கு 13.5 லட்சம் என்று அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள்.

"சுசீந்திரத்துக்கும் அதுலதானா?"

"எல்லாக் கோயிலுக்கும் சேர்த்து."

அம்மை விரலை மடக்கிக் கொஞ்ச நேரம் கூட்டிப் பார்த்தாள். இரணியல் தாண்டியது.

"விளக்குக்கு எண்ணெய் வாங்கவே காணாதே மக்களே."