காதைப் பொத்திக்கொண்டு பார்த்தான்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனைக் காட்பாடிப் பக்கம் ஒரு தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டு வயசு. அந்த ஹீரோ என்றால் அவனுக்கு உயிர், போஸ்டர் ஒட்டிய நாளிலிருந்து ஒரே நச்சரிப்பு. டிக்கெட் எடுக்கும்போதே யுஏ 16+ என்று போட்டிருந்தது, அதாவது பதினாறு வயசு ஆகாத பிள்ளைக்குக் காட்டலாமா என்று பெற்றோர் யோசிக்க வேண்டிய படம் என்கிற சென்சார் சான்றிதழ். பார்த்தேன், கூட நான் இருக்கிறேனே என்று விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஆளை அவர் வீட்டு வாசலில் வைத்தே நாலு பேர் அரிவாளால் வெட்டுகிறார்கள். உள்ளே கதவோரம் அவருடைய சின்னப் பெண் நிற்கிறது. ரத்தம் தெரியாமல் மங்கலாக்கியிருந்தார்கள், சரி, ஆனால் சத்தம் அப்படியே இருந்தது. அரிவாள் இறங்குவதும் எலும்பில் படுவதும் உட்கார்ந்திருந்த சீட்டே அதிர்கிற மாதிரி கேட்டது. நான் அவன் கண்ணை மூடக் கையைக் கொண்டு போனால், அவன் ரெண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். முன்வரிசையில் விசில். அடுத்த நிமிஷம் வில்லன் ஒரு கெட்ட வார்த்தை சொல்கிறான், அது மட்டும் ஊமை, உதடுதான் அசைகிறது. அந்த வார்த்தையை அவன் பள்ளிக்கூட வேனிலேயே கேட்டிருப்பான்.

திரும்பி வரும்போது பாலாத்துப் பாலத்தில் பின்சீட்டிலிருந்து கேட்டான்: "மாமா, கதவாண்ட ஒரு பாப்பா நின்னுச்சே, அது அப்புறம் எங்க போச்சு?" எனக்குப் பதில் தெரியவில்லை. படத்தில் அந்தக் குழந்தை மறுபடி வரவே இல்லை.

சென்சாரில் காட்சிகளை வெட்டச் சொல்கிற கட்சி இல்லை நான். சாதிக் கொலையைப் பற்றி ஒருத்தர் படம் எடுத்தால் அந்தக் கொலை பார்க்கிறவனுக்கு வலிக்கத்தான் வேண்டும், அந்தக் கதவோரக் குழந்தைக்குப் பிறகு என்ன ஆனது என்று காட்டுகிற படத்தில் பத்து நிமிஷம் ரத்தம் இருந்தாலும் நான் உட்கார்ந்து பார்ப்பேன். 1991இல் வந்த சென்சார் வழிகாட்டு விதிகளே வன்முறையைப் பெருமைப்படுத்தக் கூடாது என்றுதான் சொல்கின்றன. ஸ்லோமோஷனும் பின்னணி இசையும் போட்டு ஹீரோ வெட்டிவிட்டு நடந்து வருவது பெருமை இல்லாமல் வேறென்ன? அங்கே கத்திரி வைப்பதில்லை, நாலு நொடி ரத்தத்தில்தான் வைக்கிறார்கள்.

இதில் காசும் இருக்கிறது. பெரியவர்களுக்கு மட்டும் என்கிற ஏ சான்றிதழ் வாங்கிய படத்தை அப்படியே டிவியில் போட முடியாது, வெட்டி மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும். ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் நம்ம மாநிலத்தில் கேளிக்கை வரி விலக்குக்கு எல்லோரும் பார்க்கலாம் என்கிற யு சான்றிதழே தேவைப்பட்டது, அதற்காகவே தயாரிப்பாளர்கள் மல்லுக்கட்டினார்கள். பெரியவர்களுக்கு என்று எடுத்த படத்தை அங்கங்கே கிள்ளி யுஏ ஆக்கி, கடைசியில் அது பெரியவர்களுக்கும் முழுசாக இல்லை, பிள்ளைகளுக்கும் ஆகாது.

2023இல் சட்டத்தைத் திருத்தி யுஏவை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தது நல்ல விஷயம்தான். ஆனால் அது மூன்றுமே பெற்றோருக்குச் சொல்கிற யோசனை, அந்த நம்பரை வைத்து கேட்டில் யாரையும் நிறுத்த முடியாது. நிறுத்த வேண்டியது ஏ படத்துக்கு, 18 வயசு ஆகாதவர்களை உள்ளே விடக் கூடாது என்பது சட்டம். அப்படி ஒரு படத்துக்கு மடியில் கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்ததை நானே பார்த்திருக்கிறேன். டிக்கெட் கிழிக்கிறவரிடம் கேட்டேன். "இன்னா சார் பண்றது, குடும்பமா வர்றாங்க, பசங்கள மட்டும் வெளிய நிக்க வைக்க முடியுமா?" அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். முதலாளி நிறுத்தச் சொன்னால் அவர் நிறுத்துவார். பிள்ளையை வீட்டில் யாரிடமாவது விட்டுவிட்டு வரலாம் என்பது நமக்குத்தான் தோன்ற வேண்டும்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: படத்தை வெட்டாதீர்கள், தைரியமாக ஏ கொடுங்கள், கொடுத்ததைக் கேட்டில் காப்பாற்றுங்கள்.

அதே ஹீரோவின் அடுத்த படத்துக்கு இப்பவே கேட்க ஆரம்பித்துவிட்டான். ஏ வந்தாலும் கிடையாது, 16+ வந்தாலும் கிடையாது என்று சொல்லியிருக்கிறேன். ரெண்டு நாளாக என்னோடு பேசவில்லை.